நம் எழுத்தில் நம் முகவரி



நான் வசிக்கும் வானகரம், சென்னைக்கு மேற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மேல் இருக்கிறது. மாலை வேளையில் அந்தச் சாலையோரமாகச் சிறிது தூரம் நடந்து வருவது, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் எனக்கு ஏற்பட்ட பழக்கம். பல்லாண்டுக் காலம் விடைத்தாள் திருத்திய கண்கள் அல்லவா? கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படிக்காமல் அவற்றால் இருக்க முடிவதில்லை. மருந்துக் கடையாயினும் சரி, மரக்கடையாயினும் சரி, பலகையின் மேல் வரியில் கடையின் பெயர் தமிழில் இருக்கிறது. தெருவின் பெயரும் ஊரின் பெயரும் தமிழில் இருக்கின்றன. அடியில் உள்ள ஒரு வரி மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. அது அந்தக் கடையின் இணைய முகவரி.

ஒரு நாள், ஏணியின் மேல் நின்று பலகை எழுதிக்கொண்டிருந்த ஒருவரிடம், "தம்பி, இந்த ஒரு வரி மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டேன். அவர் தூரிகையை எடுக்காமலே, "அது இங்கிலீஷ்லதான் ஐயா வரும்" என்றார்.

அவர் சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. இப்போது அது உண்மையன்று. அது எவ்வாறு உண்மையாயிற்று, பிறகு எவ்வாறு மாறிற்று, மாறிய பின்னும் அந்த வரி ஏன் மாறவில்லை என்பவற்றையே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன்.

அதற்கு முன், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் தொலைபேசியில் பேசினார். மீன் சந்தையில் மீன் நறுக்கிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தவர் அவர். மகளின் மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பம் இணையத்தில்தான். அதன் முகவரியைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு அன்று ஏதோ அவசரம். எழுத்தெழுத்தாக ஒப்பித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மையார் ஒரு காகிதத்தோடு பள்ளிக்கு வந்தார். கணிப்பொறிக் கடையில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தார்களாம், ஒன்றும் வரவில்லையாம். இன்னும் திறக்கவில்லை போலும் என்று எண்ணிச் சில நாள் பொறுத்திருக்கிறார். அதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளின் பெயர்களை, நான் சொன்ன வரிசையில், தமிழில் எழுதி வைத்திருந்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் 'என்' என்பதற்குப் பதிலாக 'எம்' என்று இருந்தது. தொலைபேசியில் அவ்விரண்டு ஒலிக்கும் வேறுபாடு தெரிவது அரிது என்பதை நான் அறிவேன். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டியது என் கடமை, கேட்கவில்லை. அந்தப் பெண் ஓராண்டு அம்பத்தூரில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, அடுத்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்தாள்.

அந்தத் தாயார் எழுத்தறியாதவர் அல்லர். தம் தாய்மொழியைப் பிழையின்றி எழுதத் தெரிந்தவர். ஆனாலும் அந்தக் கதவின் முன் அவர் எழுத்தறியாதவராக நிற்க நேர்ந்தது. இந்த விஷயத்தை நான் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

இணைய முகவரி என்பது என்ன? இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் உண்டு. இயந்திரங்கள் ஒன்றையொன்று அந்த எண்ணைக் கொண்டே தேடிக்கொள்கின்றன. மனிதனுக்கு நீண்ட எண்கள் நினைவில் நிற்பதில்லை, பெயர்தான் நிற்கும். ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். அதையே களப்பெயர் என்கிறோம். தொடக்க காலத்தில் கணிப்பொறிகள் சிலவே இருந்தமையால், பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் அடங்கின. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அந்தப் பட்டியலைப் பராமரித்து வந்தது. கணிப்பொறிகள் பெருகவே, ஒரு பட்டியல் போதவில்லை. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் ஒரு மரத்தைப் போன்ற அமைப்பை வகுத்தார். உச்சியில் சில பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் கிளைப் பெயர்கள். அவற்றின் கீழ் மேலும் கிளைகள். இடையிடையே ஒரு புள்ளி. இன்றும் நாம் பயன்படுத்துவது அந்த அமைப்பையே.

அந்தப் பெயர்களில் இடம் பெறத்தக்கவை எவை? ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகள், 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள், ஒரு சிறு கோடு. இவ்வளவே. இது நம் மீதுள்ள பகைமையால் விளைந்ததன்று. 1963இல் அமெரிக்கர்கள் வகுத்த ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. அவர்கள் தங்கள் வீட்டுக்கு வேண்டிய அளவில் ஓர் அலமாரி செய்துகொண்டார்கள். பிற்பாடு உலகமே வந்து அந்த அலமாரியில் தன் துணிகளை அடுக்க நேர்ந்தது. நமக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். அதே லத்தீன் எழுத்தைப் பயன்படுத்தும் ஜெர்மானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும்கூட அதில் இடம் போதவில்லை. உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் ஜெர்மன் மொழியில் ஒலியும் பொருளும் மாறிவிடும். அத்தகைய எழுத்துகளைத் தம் நாட்டுக் களப்பெயர்களில் எழுத, 2004ஆம் ஆண்டு மார்ச் வரையில் ஜெர்மானியர் காத்திருக்க வேண்டியிருந்தது.

அஞ்சல் துறையை இங்கே நினைத்துப் பாருங்கள். உறையின் மேல் தமிழில் முகவரி எழுதிப் பெட்டியில் போட்டால் கடிதம் போய்ச் சேருகிறது. 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. எண் வந்துவிட்டது என்பதற்காகத் தமிழ் முகவரியை யாரும் விலக்கவில்லை. தந்தியின் கதை வேறு. "உடனே புறப்பட்டு வா" என்ற செய்தியை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பிய பெரியவர்களை என் இளமையில் கண்டிருக்கிறேன். வந்த தந்தியைப் படிக்கத் தெரிந்தவரைத் தேடி ஓடியதும் உண்டு. இணையம், அஞ்சலின் வழியில் செல்லாமல் தந்தியின் வழியில் சென்றது எனலாம்.

இந்நிலையை மாற்றலாம் என்று 1996ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு திட்டத்தை எழுதி வெளியிட்டவர், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய மார்ட்டின் டியூர்ஸ்ட் என்பவர். அதைச் செய்து பார்க்கும் முயற்சி 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தான் டின் வீ என்ற பேராசிரியரின் குழுவில் நடைபெற்றது. இந்தப் பேராசிரியர் தமிழுக்குப் புதியவர் அல்லர். 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையத்தில் வெளியிடப்பட்டது. அதில் தமிழ்ப் பக்கங்கள் தமிழ் எழுத்திலேயே தோன்றுவதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி; அவரோடு துணை நின்றவர் தான் டின் வீ. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். ஆசிரியர் ஒருவர் இந்த வேலையில் முன்னே நின்றார் என்பதைச் சொல்லும்போது, நானும் அந்தத் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் சிறிது பெருமை கொள்கிறேன், மன்னியுங்கள்.

பழைய மரத்தை வெட்டாமல் புதிய எழுத்துகளை எப்படி ஏற்றுவது என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி. உலகெங்கும் உள்ள பெயர் வழங்கும் கணிப்பொறிகளை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆகையால் ஒரு தந்திரம் செய்தார்கள். நீங்கள் தமிழில் முகவரி எழுதினால், உங்கள் கையிலுள்ள கருவியே அதைச் சில ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு கோவையாக மாற்றிவிடும். அந்தக் கோவைதான் வெளியே பயணம் செய்யும். இது மாற்றப்பட்ட பெயர் என்பதற்கு அடையாளமாக, 'எக்ஸ்', 'என்' என்னும் இரண்டு எழுத்தும் அவற்றையடுத்து இரண்டு சிறு கோடும் தொடக்கத்தில் நிற்கும். இந்த மாற்று முறைக்குப் ப்யூனிகோடு என்று பெயர். வகுத்தவர் ஆடம் காஸ்டெல்லோ. 2003ஆம் ஆண்டு மார்ச்சில் இது பொது விதியாயிற்று.

'இந்தியா' என்று தமிழில் எழுதினால் பயணத்துக்குப் புறப்படும் கோவை எப்படியிருக்கும் தெரியுமா? எக்ஸ், என், இரண்டு கோடு, பிறகு எக்ஸ், கே, சி, இரண்டு, டி, எல், மூன்று, ஏ, ஐந்து, இ, இ, சுழியம், எச். கேட்பதற்கு மந்திரம் போல் இருக்கிறது! ஆனால் இதை நீங்களோ நானோ உச்சரிக்க வேண்டியதில்லை. இயந்திரத்தோடு இயந்திரம் பேசிக்கொள்ளும் பேச்சு அது. நாம் 'இந்தியா' என்று எழுதினால் போதும்.

விதி வந்துவிட்டது, ஆனால் மரத்தின் உச்சியில் இன்னும் ஆங்கிலமே இருந்தது. அந்த உச்சிப் பெயர்களை மேற்பார்க்கும் அமைப்பு ஐக்கான் என்பது. அது 2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சோதனை நடத்திற்று. 'சோதனை' என்ற பொருள் தரும் சொல்லைப் பதினொரு மொழிகளில் உச்சியில் ஏற்றி வைத்தது. அரபு, பாரசீகம், ரஷ்யம், இந்தி, கிரேக்கம், கொரியம், ஜப்பானியம் ஆகியவற்றோடு தமிழும் அந்தப் பதினொன்றில் ஒன்று. தமிழுக்கு அவர்கள் தேர்ந்த சொல் 'பரிட்சை'. கவனியுங்கள்: 'ரி' குறில். என் வகுப்பில் ஒரு மாணவன் அவ்வாறு எழுதியிருந்தால், சிவப்பு மையால் அடிக்கோடிட்டு நெடிலாக்கி, 'பரீட்சை' என்று மூன்று முறை எழுதிவரச் சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே நான் திருத்த முடியாது. உச்சியில் ஏறியது குறில். நெடில் போட்டுத் தேடியிருந்தால் அப்படி ஒரு வீடே இல்லை என்ற பதில்தான் வந்திருக்கும். 2013ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அந்தச் சோதனைப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். அதுவரையில் ஆறு ஆண்டுக் காலம் அந்தக் குறில் அங்கேயே வீற்றிருந்தது.

2009ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், கொரியத் தலைநகரான சியோலில் கூடிய ஐக்கான் குழு, நாடுகள் தங்கள் பெயரைத் தங்கள் எழுத்திலேயே உச்சியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. 2010ஆம் ஆண்டு மே மாதம் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் என்னும் மூன்று நாடுகளின் பெயர்கள் அரபு எழுத்தில் முதன்முதலாக ஏறின. ரஷ்யாவின் பெயரும் விரைவில் ஏறிற்று. அந்தப் பெயரின் கீழ் முகவரி வாங்கப் பொதுமக்களுக்கு நவம்பரில் வழி திறந்தது. ஆண்டு முடிவதற்குள் பதிவுகள் 5 லட்சத்தைத் தாண்டின.

அதே 2010இல் 'இலங்கை' என்ற பெயர் தமிழில் ஏறியது. சிங்களப் பெயரும் உடன் ஏறியது. 2011இல் 'சிங்கப்பூர்', 'இந்தியா' ஆகிய பெயர்களும் தமிழில் ஏறின. ஒரே மொழியின் எழுத்தில் மூன்று நாடுகளின் பெயர்கள் உலக மரத்தின் உச்சியில் இருப்பது சிறு செய்தியன்று. நம் நாட்டுக்கு முதலில் ஏழு மொழிகளில் பெயர் கிடைத்தது. இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது, தெலுங்கு ஆகிய ஆறும் 'பாரத்' என்ற பெயரைத் தத்தம் வடிவில் ஏற்றன. தமிழ் மட்டும் 'இந்தியா' என்று வைத்துக்கொண்டது. இதைப்பற்றி நண்பர்கள் என்னிடம் வாதிட்டதுண்டு. மக்கள் வாயில் வழங்கும் பெயரை வைத்ததில் குற்றமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இனி எழுத்துக்கு வருவோம். என் மனம் அதிகம் தோய்ந்த இடம் இதுதான். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

'வானகரம்' என்ற சொல்லில் எழுத்து எத்தனை என்று கேட்டால், வா, ன, க, ர, ம் என எண்ணி, ஐந்து என்பீர்கள். இலக்கணப்படி அதுவே சரி. ஆனால் கணிப்பொறி ஏழு என்று சொல்லும். வகரம் ஒன்று, அதன் துணைக்கால் ஒன்று. மகரம் ஒன்று, அதன் மேலுள்ள புள்ளி ஒன்று எனத் தனித்தனியே அது எண்ணுகிறது. யூனிகோடு என்ற உலகப் பொது முறையில் தமிழுக்குக் கிடைத்த இடத்தில் 247 எழுத்தும் தனித்தனியே இல்லை. உயிர்களும் அகரமேறிய மெய்களும் குறிகளும் உள்ளன. அவற்றைக் கூட்டியே மற்ற எழுத்துகள் பிறக்கின்றன. கூட்டிப் பிறப்பிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 'கொக்கு' என்ற சொல்லின் முதலெழுத்தை இரு வகையில் பிறப்பிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது எகரக் கொம்பை முதலில் சேர்த்து, பிறகு காலைச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இயந்திரத்துக்கு இரண்டும் வேறு. நல்ல வேளையாக, இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும்படி விதி செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அப்படி நேரவில்லை. ஔவையார் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரம் ஓர் எழுத்து. ஆனால் நம்மில் பலர் தட்டெழுதும்போது ஒகரத்தை எழுதி, அதன் பக்கத்தில் ளகரத்தை எழுதிவிடுகிறோம். பார்வைக்கு ஔவையாராகவே தெரியும். இயந்திரமோ 'ஒ-ள-வையார்' என்று படிக்கும். இது இயந்திரத்தின் குற்றமன்று, நம் குற்றம். கடிதத்தில் இந்தப் பிழை செய்தால் படிப்பவர் பொறுத்துக்கொள்வார். முகவரியில் செய்தால் வேறு கதவின் முன் போய் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, எங்கள் சாலையிலேயே இருக்கிறது. வானகரத்திலிருந்து மேற்கே சென்றால் பூந்தமல்லியைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் வரும். அந்த முதலெழுத்தான 'ஸ்ரீ' கணிப்பொறியில் இரு வழியில் உண்டாகிறது. பலர் ஸகரத்தைக் கொண்டு எழுதுகிறார்கள். 2005ஆம் ஆண்டில் யூனிகோடில் சேர்க்கப்பட்ட 'ஶ' என்ற வேறோர் எழுத்தைக் கொண்டும் எழுதலாம். பல அச்சுருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றே போல் தோன்றும். ஒருவர் ஒரு வகையில் முகவரி வாங்க, வஞ்சகர் ஒருவர் மற்ற வகையில் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இது வீண் அச்சமன்று. 2005ஆம் ஆண்டில், ஆங்கில 'ஏ' எழுத்தின் இடத்தில் அதே உருவமுடைய ரஷ்ய எழுத்தை வைத்து, பேபால் என்ற பணம் செலுத்தும் நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒரு முகவரியைச் சிலர் செய்து காட்டினார்கள். ஏமாற்ற அல்ல, எச்சரிக்கத்தான். ஆனால் எச்சரிக்கை திருடன் காதிலும் விழும் அல்லவா?

இத்தகைய இரட்டைகளை ஆராய்வதற்கென்றே நம் நாட்டு எழுத்துகள் ஒன்பதுக்கும் சேர்த்து அறிஞர் குழு ஒன்று அமைந்தது. பிராமியின் வழிவந்த எழுத்துகள் ஆதலால், குழுவுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். தமிழுக்குரிய விதிகளை அது 2019இல் வகுத்துக் கொடுத்தது. 'ஸ்ரீ' போன்ற இரட்டைகளை ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மலையாள ழகரமும் நம் ழகரமும் உடன்பிறந்தார் போல் தோன்றுவதையும் குழுவினர் கருதிப் பார்த்தார்கள். உச்சிப் பெயர்களில் இலக்கங்களுக்கு இடமே இல்லை என்றும் வைத்தார்கள். அதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. பழைய தமிழ் இலக்கத்தில் ஒன்று என்பது ககரத்தின் வடிவம், இரண்டு என்பது உகரத்தின் வடிவம், ஏழு எகரம், எட்டு அகரம். இலக்கத்தை அனுமதித்திருந்தால் எழுத்து எது, எண் எது என்று பிரித்தறிவது கடினமாகியிருக்கும்.

இந்தக் குழப்பமெல்லாம் கணிப்பொறி கொண்டுவந்தது என்று எண்ணாதீர்கள். ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். எகரக் குறிலையும் ஏகார நெடிலையும் பிரித்துக் காட்ட, பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வழி செய்ய வேண்டியிருந்தது. உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியவர்கள் ஒரு சொல்லைத் தீர்மானிக்கப் பல ஏடுகளை ஒப்பிட்டுக் கண் வருந்தினார்கள். அவர்கள் ஏட்டில் செய்ததையே இந்தக் குழுவினர் இயந்திரத்துக்காகச் செய்தார்கள்.

புணர்ச்சி விதி பயனற்றது என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். களப்பெயரில் இடைவெளி விட முடியாது. சொற்களைச் சேர்த்தே எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் புணர்ச்சி வந்து நிற்கிறது. எங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையின் பெயரில் ஒருவர் முகவரி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பூந்தமல்லிச்சாலை' என்று சகர ஒற்று மிகுந்து எழுதுவது ஒரு முகவரி. ஒற்றின்றி 'பூந்தமல்லிசாலை' என்று எழுதுவது இன்னொரு முகவரி. தேர்வில் ஒற்று விட்டால் அரை மதிப்பெண் போகும். இங்கே ஒற்று விட்டால் வீடே போய்விடும்!

அப்படியானால் ஆங்கில எழுத்திலேயே இருந்துவிடுவது எளிதல்லவா என்று கேட்கலாம். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவது எளிதென்று யார் சொன்னது? 2020ஆம் ஆண்டில் தமிழக அரசு 1,018 ஊர்களின் பெயர்களை, தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றவாறு ஆங்கிலத்தில் எழுதும் முறை ஒன்றை அறிவித்தது. கோயம்புத்தூருக்கு எத்தனை எழுத்து என்று மக்கள் விரல்விட்டு எண்ணினார்கள். வேலூருக்கு வைத்த எழுத்துக்கோவையை 'வீலூர்' என்று படித்துச் சிரித்தார்கள். சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த முயற்சியின் நோக்கத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் நெடிலும் குறிலும் தகரமும் டகரமும் 26 எழுத்துக்குள் அடங்கவில்லை. தமிழில் எழுதினால் அந்த ஊர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எழுதும் முறை ஒன்றே. பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என்றும் எழுதுவார்கள் என்று நீங்கள் என்னை மடக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் சங்கத்துக்கு 'புள்ளி இந்தியா' என்று முடியும் தமிழ் முகவரி ஒன்று வாங்கினார்கள். பெயரில் ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். வாழ்நாளில் என் இலக்கண அறிவுக்கு அவ்வளவு அவசரமான தேவை அதற்கு முன் ஏற்பட்டதில்லை. முகவரி அழகாகத் திறந்தது. மீன் சந்தை அம்மையாரின் வீட்டுக்குச் சென்று, அவர் கைப்பேசியில் அவரையே எழுதச் சொன்னேன். நான் வாயால் ஒரு முறை சொன்னேன், அவர் எழுதினார், பக்கம் திறந்தது. எழுத்தெழுத்தாக ஒப்பிக்க வேண்டிய தேவை நேரவில்லை. அவர் மகள் இப்போது அந்தச் சங்கத்தின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஆயினும் முழு வெற்றி என்று சொல்ல முடியவில்லை. பின்னர் ஓர் அலுவலகத்தில் சங்கத்தைப் பதிவு செய்ய, இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. சங்கத்தின் இணைய முகவரி என்ற கட்டத்தில் எங்கள் தமிழ் முகவரியை எழுதினோம். உடனே சிவப்பு எழுத்தில் ஒரு வரி தோன்றிற்று: 'சரியான முகவரியை உள்ளிடவும்.' அந்த வரி தமிழில் இருந்தது! தமிழில் எழுதிய முகவரி தவறு என்பதை எங்களுக்குத் தமிழிலேயே சொல்லிற்று அந்தப் படிவம்.

படிவத்தை அமைத்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்கமாட்டார். முகவரி என்றால் 26 எழுத்துகளில்தான் இருக்கும் என்று, எங்கள் சாலையோரத்துப் பலகை எழுதும் தம்பியைப் போலவே, அவரும் கருதியிருக்கிறார். உச்சியில் இடம் கிடைத்துவிட்டது, விதிகள் வந்துவிட்டன, மின்னஞ்சல் முகவரியையும் எந்த மொழியிலும் எழுதலாம் என்று 2012இலேயே விதி செய்துவிட்டார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான படிவங்களில் அந்தப் பழைய கருத்து ஒரு சிறு கட்டளையாக உட்கார்ந்திருக்கிறது. அதை எழுதுபவர்கள் நாளை நீங்கள்தாம். உங்களுள் பலர் கணிப்பொறித் துறையையே நாடுகிறீர்கள். ஒரு படிவத்தைச் செய்து முடித்தவுடன் அதில் தமிழ் முகவரி ஒன்றைப் போட்டுச் சோதித்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். அதைச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததால்தான், ரஷ்யர்கள் ஓரிரு மாதங்களில் லட்சக்கணக்கில் புகுந்த வீட்டில் நாம் இன்னும் வாசலில் நிற்கிறோம்.

அந்தப் படிவம் பற்றி அலுவலகத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தமிழில் எழுதி, உறையின் மேலும் தமிழிலேயே முகவரி எழுதி, விரைவு அஞ்சலில் அனுப்பினேன். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. பதில் வரவில்லை, சென்ற வாரம் இரண்டாம் கடிதம் எழுதியிருக்கிறேன்.